காலை ஒன்பதேகால் வகுப்பு: எங்கள் கவுன்சிலின் குடும்பக் கற்றல் சேவை பற்றி

மேற்கு லண்டனில் நான் வசிக்கும் பரோவின் (நகரின் உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்று) கவுன்சில், ஆரம்பப் பாடசாலைகளில் பெற்றோருக்கென்று இலவசமாக நடத்தும் குடும்பக் கணக்கு வகுப்பில் 2024ஆம் ஆண்டு இலையுதிர் தவணை முழுவதும் இருந்தேன். வாரம் இரண்டு மணி நேரமாகப் பத்து வாரம் நடந்த வகுப்பு அது. என் மகள் அப்போது நான்காம் ஆண்டுக்குப் போயிருந்தாள். பண்டகசாலையில் இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவன் என்பதால், ஒன்பதேகாலுக்குத் தொடங்கும் அந்த வகுப்பு எனக்குத் தற்செயலாகப் பொருந்தியது. வகுப்பில் இருந்த பதினொரு பேரில் தகப்பன்மார் இருவர்தான், அந்த இருவருமே இரவு வேலைக்காரர்கள். இந்தச் சிறிய விவரத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

முதலில் பாடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சேவையில் ஐயமின்றிப் பாராட்டத்தக்கது அதுதான். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை கணிதம் படித்தவன் நான். ஆனாலும் மகளின் வீட்டுப்பாடக் கொப்பியைத் திறந்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. 34ஐ 6ஆல் பெருக்க நான் கீழே கோடு போட்டு எழுதுவேன். அவளோ ஒரு கட்டம் வரைந்து 30ஐத் தனியாகவும் 4ஐத் தனியாகவும் பெருக்கி, 180, 24 என்று இரண்டு பெட்டிகளில் எழுதி, பிறகு கூட்டி 204 என்பாள். நான் அதைச் சுற்றுவழி என்பேன், அவள் "டீச்சர் சொன்னது இப்படித்தான்" என்று அழத் தொடங்குவாள். இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் சண்டை இது.

ஆசிரியை இதை முதல் வாரத்திலேயே தீர்த்து வைத்தார். 203இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கடன் வாங்கிக் கழித்தோம். அவர் பலகையில் ஒரு நேர்கோடு வரைந்து, 178இலிருந்து 180க்கு இரண்டு, அங்கிருந்து 200க்கு இருபது, பிறகு மூன்று, ஆக 25 என்று தாவித் தாவிக் காட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெட்ரோல் நிலையத்தின் கல்லாவில் நின்ற ஆண்டுகளில், வாடிக்கையாளருக்கு மீதிப் பணத்தை இப்படித்தான் எண்ணிக் கொடுத்தேன். கையால் செய்துகொண்டிருந்த கணக்கைத் தாளில் கண்டபோது, அது தவறான முறை என்று மகளோடு வாதாடியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் வாய்ப்பாட்டுத் தேர்வு ஒன்று உண்டு. கணினியில் 25 கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் விடையெழுத ஆறு விநாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. ஆசிரியை அந்தத் தேர்வைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் பதினாறாம் வாய்ப்பாட்டை ராகத்தோடு ஒப்பித்தார். மொழி விளங்காவிட்டாலும் சோமாலியத் தாய்மாரும் போலந்துத் தாயும் கை தட்டினார்கள். ஆசிரியை அதை வேடிக்கையாக விட்டுவிடவில்லை. வீட்டில் தமிழிலேயே வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம், எண்ணின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது பிள்ளைக்குப் பெரிய வேலையல்ல என்று அழுத்திச் சொன்னார். வீட்டில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தங்கள் பிள்ளைகளோடு உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு தாய்மார் அன்று நிம்மதியோடு வீடு போனதை நான் பார்த்தேன். கடைசி முக்கால் மணி நேரம் பிள்ளைகள் வகுப்பறையிலிருந்து வந்து பெற்றோரோடு உட்காருவார்கள். பெற்றோர் தாம் கற்றதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்து பார்க்கும் அந்த நேரந்தான் இவ்வகுப்பின் உயிர்.

இனி, இந்த வகுப்பு எப்படித் திட்டமிடப்படுகிறது, எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதற்கு வருகிறேன். சேவையைப் பற்றிக் கற்பவர்கள் கருத்துச் சொல்லும் கற்போர் மன்றத்துக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் கண்டு பெயர் கொடுத்ததால், அடுத்த ஆண்டில் மூன்று கூட்டங்களுக்குப் போனேன். கவுன்சிலின் குழுக் கூட்ட ஆவணங்களையும் படித்தேன். அவை எல்லோரும் படிக்கக்கூடியவைதான், படிப்போர்தான் குறைவு.

பணத்தின் வழியை முதலில் அறிந்துகொண்டால் மற்றவை விளங்கும். பெரியோர் கல்விக்கான அரசுப் பணம் 2019ஆம் ஆண்டு முதல் லண்டனில் மேயரின் ஆணையம் வழியாக வருகிறது. 2024 ஆகஸ்ட் முதல் அந்த நிதியின் பெயர் 'அடல்ட் ஸ்கில்ஸ் ஃபண்ட்'. சான்றிதழ் இல்லாத சமுதாயக் கற்றல் வகுப்புகள் அதற்குள் 'தேவைக்கேற்ற கற்றல்' என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு வகுத்திருக்கும் ஏழு நோக்கங்களில் பெற்றோர் தம் பிள்ளையின் படிப்புக்குத் துணைநிற்க வல்லவராவதும் ஒன்று. மற்றவை தன்னம்பிக்கை, மேற்படிப்புக்கான ஆயத்தம், வேலைக்கான ஆயத்தம், ஆங்கிலமும் கணக்கும் கணினியும் போன்ற அடிப்படைத் திறன்கள், உடல் மன நலம், ஊரோடு ஒன்றிய வாழ்வு. ஆக, என் வகுப்பின் நோக்கம் சட்டதிட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. குறை அங்கே இல்லை.

திட்டமிடும் முறையில்தான் முதல் குறை. எந்தப் பாடசாலையில் வகுப்பு வைப்பது என்பதைக் கவுன்சில் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைக் கொண்டு முடிவு செய்கிறது. ஒன்று, ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேர் வாழும் சிறு வட்டாரங்களாக நாட்டைப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டு வசதி, சுற்றுச்சூழல் என்ற ஏழு வகையில் வறுமையை அளக்கும் அரசுக் குறியீடு. மற்றது, முந்தைய ஆண்டில் எங்கே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற பதிவு. முதலாவது நியாயமானது. இரண்டாவது, வந்தவர்களை மட்டுமே காட்டும். வராதவர் ஏன் வரவில்லை என்பது அந்தப் பதிவில் எங்கும் இராது. ஒன்பதேகாலுக்கு வகுப்பு வைத்தால் பகலில் வீட்டிலிருக்கும் தாய்மார் வருவார்கள், அவர்களோடு என்னைப் போன்ற ஓரிருவர் வருவார்கள். ஆண்டு முடிவில் பதிவைப் பார்ப்பவர், தகப்பன்மாருக்கு இதில் நாட்டமில்லை என்று எழுதுவார். கற்போர் மன்றத்தில் கிட்டத்தட்ட அப்படியே ஒரு வாசகம் திரையில் வந்தது. மாலை ஆறரைக்கு ஒரு வகுப்பு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பாடசாலைக் காவலாளிக்கு மேலதிகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். மறுக்க முடியாத பதில்தான், ஆனால் தகப்பன்மாரின் நாட்டத்தைப் பற்றிய பதில் அல்ல.

இதைவிட நுட்பமான குறை ஒன்று சேர்க்கைப் படிவத்தில் ஒளிந்திருக்கிறது. பல பக்கங்கள் கொண்ட அந்தப் படிவத்தில் இனம் கேட்கும் பகுதியில் ஆசியர் என்ற தலைப்பின்கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர், 'வேறு ஆசியப் பின்னணி' என்று இருக்கும். தஞ்சாவூர்த் தாய் இந்தியர் என்பதைக் குறித்தார். நான் 'வேறு' என்பதைக் குறித்தேன், என் பக்கத்தில் இருந்த நேபாளத்துப் பெண்ணும் அதையே குறித்தார். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒரு பெரும் பகுதி லண்டனின் சில பரோக்களில் நெருக்கமாக வாழ்கிறது. அப்படியிருந்தும் கவுன்சிலின் பெரியோர் கல்வி அட்டவணையில் நாங்கள் பாதி இந்தியராகவும் பாதி 'வேறு' ஆகவும் கரைந்து போகிறோம். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் வீட்டு மொழி எது என்பதைப் பாடசாலைகள் மாணவர் கணக்கெடுப்பில் பதிகின்றன, அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. அதே கவுன்சிலின் கல்விப் பகுதியில் இருக்கும் அந்த விவரத்தைப் பெரியோர் கல்விப் பகுதியினர் கேட்டு வாங்கினாலே எந்தப் பாடசாலை வாசலில் எந்த மொழியில் அறிவிப்பு ஒட்டுவது என்று தெரிந்துவிடும். மன்றத்தில் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். சான்றிதழ்த் தேர்வு இல்லாத வகுப்பில் ஒருவர் கற்றார் என்பதை எப்படி நிறுவுவது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் பெரியோர் கல்வித் துறை கண்ட விடை 'ரார்ப்பா' என்ற முறை. வகுப்பின் நோக்கத்தைச் சொல்லுதல், கற்பவர் எங்கே நிற்கிறார் என்று தொடக்கத்தில் அறிதல், அவருக்கேற்ற இலக்குகளை வகுத்தல், இடையிடையே முன்னேற்றத்தைப் பதிதல், முடிவில் அவரோடு சேர்ந்து மதிப்பிடுதல் என்று ஐந்து படிகள். கருத்தளவில் இது தேர்வுத்தாளைவிட மேலான முறை என்பதே என் எண்ணம். பயந்து பயந்து வகுப்புக்கு வரும் ஒரு தாயைக் கேள்வித்தாளின் முன் உட்கார வைப்பதைவிட, "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டுத் தொடங்குவது நாகரிகமானது.

நடைமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் எல்லோருக்கும் தனியாள் கற்றல் திட்டம் என்று ஒரு தாள் தரப்பட்டது. அதில் மூன்று இலக்குகள் முன்பே அச்சாகியிருந்தன, நான்காவது இடம் எங்கள் சொந்த இலக்குக்காக வெறுமையாக இருந்தது. நான் அதில், "வீட்டுப்பாட நேரத்தில் மகளோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும்" என்று எழுதினேன். ஆசிரியை சிரித்தார், அழகான இலக்கு என்றார். பிறகு சற்றே சங்கடத்தோடு, இதை அளக்க முடியாது என்று மேலே சொல்வார்கள், "கட்ட முறையில் இரண்டு இலக்க எண்ணைப் பெருக்கிக் காட்டுவேன்" என்று மாற்றி எழுதலாமா என்று கேட்டார். மாற்றினேன். பத்தாம் வாரம் அதைச் செய்து காட்டினேன், 'எட்டப்பட்டது' என்ற பெட்டியில் குறி விழுந்தது. நான் வந்த காரியமும் நிறைவேறியிருந்தது, ஆனால் அதைப் பதிய அந்தத் தாளில் இடமில்லை.

ஆசிரியையைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தொடர்ந்து வந்தவர் விகிதம், வந்தவருள் இலக்கை எட்டியவர் விகிதம், இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது தேர்ச்சி விகிதம் என்று கணக்கிடுகிறார்கள். இலக்கை வகுப்பவரும் எட்டியதாகக் குறிப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது இரண்டாவது எண் நூறை நெருங்கத்தான் செய்யும். முதலாவது எண்ணோ சில நேரம் தலைகீழாகப் பேசும். எங்கள் வகுப்பில் ஆறாம் வாரத்தோடு நின்றுபோன ஒரு பெண்ணுக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. நேர்முகத்துக்குப் போகும் துணிச்சலை இந்த வகுப்புத்தான் தந்தது என்று பாடசாலை வாசலில் என்னிடம் சொன்னார். வருகைப் பதிவில் அவர் இடையில் விலகியவர். விலகியவர் எங்கே போனார் என்று எழுதவும் ஓர் இடம் பதிவில் உண்டு. ஆனால் அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒருவரும் கேட்கவில்லை என்பதை அவரே சொன்னார்.

நான்காம் வாரம் ஒரு பார்வையாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். கடைசி வாரம் சிரித்த முகம், சிரிக்காத முகம் போட்ட ஒரு கருத்துப் படிவம் வந்தது. இவையெல்லாம் சேர்ந்து கவுன்சில் ஆண்டுதோறும் எழுதும் சுய மதிப்பீட்டு அறிக்கைக்குள் போகின்றன, அதன் வாலாக ஒரு தர மேம்பாட்டுத் திட்டம் வரும். அந்த அறிக்கையை எதிர்பார்த்து நிற்கும் வாசகர் ஒருவர் உண்டென்றால் அவர், இங்கிலாந்தில் கல்வி நிலையங்களை ஆய்ந்து தரம் சொல்லும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்தான். ஆஃப்ஸ்டெட் 2025 நவம்பர் முதல் ஒட்டுமொத்தமாக ஒரு சொல்லில் தரம் சொல்வதை விட்டுவிட்டு, பகுதி பகுதியாக ஐந்து படித் தர அட்டை தருகிறது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன், ஆனாலும் ஆய்வாளர் முன்னால் வைக்கப்படும் தாள்கள் பழைய தாள்கள்தாம். மேயரின் ஆணையம் தனியாக ஒரு கற்போர் கணக்கெடுப்பும் நடத்துகிறது. சேரும்போது ஒரு முறை கேட்டு, முடித்துச் சில மாதங்களுக்குப் பின் மறுபடி கேட்பது அதன் முறை. வேலை, மேற்படிப்பு, மனநலம், பிறரோடு பழகுதல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தொண்டு என்று பலவற்றைத் தொடும் நல்ல முயற்சி அது. ஆனால் பெரியவரைப் பற்றித்தான் கேட்கிறது. குடும்பக் கற்றல் என்று பெயர் வைத்த வகுப்பில் பாதி ஆள் பிள்ளை.

பிள்ளையையும் சேர்த்து மதிப்பிடுவது செய்ய முடியாத காரியமும் அல்ல. இந்த நாட்டில் குடும்ப எழுத்தறிவு வகுப்புகளை 1990களின் நடுவில் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தபோது, கார்டிஃப், லிவர்பூல், நார்ஃபோக், வட டைன்சைட் ஆகிய நான்கு இடங்களில் 12 வாரம், மொத்தம் 96 மணி நேரம் நடத்தினார்கள். பெற்றோரின் வாசிப்பையும் எழுத்தையும் அளந்ததோடு பிள்ளைகளின் வாசிப்பையும் எழுத்தையும் அளந்தார்கள். வகுப்பு முடிந்தவுடன் ஒரு முறை, 12 வாரம் கழித்து ஒரு முறை, ஒன்பது மாதம் கழித்து இன்னொரு முறை என்று பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகள் பெற்ற முன்னேற்றம் நிலைத்திருந்தது என்று அறிந்தது அதனால்தான். முப்பது ஆண்டுக்குப் பின் எனக்குக் கிடைத்தவை 20 மணி நேரமும் இரண்டு முகப் படங்களும். பணம் சுருங்கினால் மணி நேரம் சுருங்குவதை ஏற்றுக்கொள்ளலாம். கேள்வியும் சேர்ந்து சுருங்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. என் மகள் 2025 ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு எழுதினாள். அவள் பெற்ற மதிப்பெண் அதே பாடசாலையின் அலுவலகத்தில் இருந்தது. வகுப்புக்கு வந்த பதினொரு குடும்பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால், அது எதையும் உறுதியாக நிறுவியிராது என்றாலும், கேட்க வேண்டிய அடுத்த கேள்வியையாவது காட்டியிருக்கும்.

வேறு சில சொல்ல வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி இல்லை. அதனால் இரண்டாம் வாரத்துக்குப் பின் இருவர் வரவில்லை. சிற்றேடு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. ஆங்கிலம் அவ்வளவாக வராதவர்களை அழைக்கும் வகுப்புக்கு இது பொருந்தாது. அறை சூடாகவும் தேநீர் நன்றாகவும் இருந்தன.

போகலாமா என்று கேட்டால், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை உள்ள எந்தத் தமிழ்ப் பெற்றோருக்கும் தயங்காமல் போகச் சொல்வேன். கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னும் அவசியம். முதலாம் ஆண்டில் பிள்ளை இருந்தால் குடும்ப ஆங்கில வகுப்பைக் கேளுங்கள். எழுத்துகளின் ஒலியைக் கூட்டிச் சொல்லை வாசிக்கத் தெரிகிறதா என்று அந்த ஆண்டு பார்க்கும் ஒலியெழுத்துச் சோதனையில் வரும் 40 சொற்களில் பாதி பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள். அதை அறியாமல் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். சேர்வதற்கு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு போக வேண்டும். வதிவிட உரிமை பற்றிய விதிகள் உண்டு என்பதால் விசா விவரத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. சொந்த இலக்கு என்ற இடத்தில் உங்கள் மனத்தில் உள்ளதையே எழுதுங்கள், மாற்றச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். இனம் கேட்கும் பகுதியில் 'வேறு' என்று குறித்துவிட்டு அருகில் தமிழ் என்று எழுதி வையுங்கள், கணினியில் ஏறாவிட்டாலும் பதிபவர் கண்ணிலாவது படும்.

கற்பித்தலுக்கு ஐந்துக்கு நாலரை, திட்டமிடலுக்கு இரண்டு, மதிப்பீட்டுக்கு ஒன்றரை கொடுக்கிறேன். அடுத்த தவணைக்கான அட்டவணை சென்ற வாரம் வந்தது. மூன்று பாடசாலைகளில் குடும்பக் கணக்கு வகுப்பு போட்டிருக்கிறார்கள், மூன்றும் காலை ஒன்பதேகாலுக்கு.